சம்பந்தி, நான் ஏன் திரும்பவில்லை என்றால்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அதாவது என் மனைவி நலம். நான் ஒருக்களித்துப் படுக்கும் அளவுக்கு நலம். தங்கள் கணுக்கால் வீக்கம் வடிந்து, சம்பந்தியம்மாள் தங்களைக் கூடம் வரையாவது நடக்க விட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். பத்து நாளாக இதைத் தொலைபேசியில் சொல்லிவிடத்தான் பார்க்கிறேன். நீங்கள் "சொல்லுங்க சம்பந்தி" என்றதும் "அங்க மழை உண்டா?" என்று கேட்டு வைத்துவிடுகிறேன். நான்கு தடவை மழையை விசாரித்தாகிவிட்டது. ஆகவே இந்தக் கடிதம்.

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

ஆறு வருஷத்துக்கு முன், நம் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு நடந்த அன்று, உடம்பை எப்படி இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். லிஃப்ட் பரிசோதகர் வேலைக்குத் தினம் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிளில் போனவன் என்று சொன்னேன். பொய்யில்லை. போனேன். மிதித்தவர் என்னுடன் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன். நான் பின்னால் கேரியரில் இருந்தேன். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் உங்கள் தம்பியிடம் திரும்பி, "பாத்தியா, உழைச்ச உடம்பு" என்றீர்கள். வாழ்க்கையில் அப்படி ஒருவரும் என்னைச் சொன்னதில்லை. விட்டுவிட்டேன்.

அதை மனதில் வைத்துக்கொண்டுதான் என் மகளும் மாப்பிள்ளையும் இந்தக் குடும்பப் போட்டியில் நம் இருவரையும் ஒரு ஜோடியாகச் சேர்த்துவிட்டார்கள். பத்துக் கிலோமீட்டர் சைக்கிள், மூன்று கிலோமீட்டர் ஓட்டம், இருவரும் சேர்ந்தே கோட்டைத் தாண்ட வேண்டும், ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இனி ஓடவே முடியாது என்று சொன்ன டாக்டரின் மேஜையில் அந்தப் பதக்கத்தைக் கொண்டுபோய் வைக்கப் போவதாக நீங்கள் சொன்னபோது, என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்தில், கீழ்வீட்டுத் தையல்காரர் சீட்டைப் பிடித்துக்கொள்ள மூன்று வாரம் பழகினேன். தூண்களை இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் பழகியதில் நேராகப் போகவும் இடது பக்கம் திரும்பவும் வந்துவிட்டது. வலது பக்கம் வரவில்லை. "வலப்பக்கம் எதுக்கு சார், மூணு தடவை இடப்பக்கம் திரும்பினா வலப்பக்கம்தானே" என்றார் தையல்காரர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஐந்தாவது கிலோமீட்டரில் நடுரோட்டில் ஆரஞ்சு டிரம்மை வைத்து, வலது பக்கமாகச் சுற்றி வரவேண்டும் என்று வைத்தவர்கள்தான் அதை யோசிக்கவில்லை.

டிரம் தெரிந்தது. பக்கத்தில் பச்சைச் சட்டை போட்ட தொண்டர் பெண் கொடியை ஆட்டி, "இங்க திரும்புங்க சார், இங்க!" என்று கத்தியது கேட்டது. கைகள் கேட்கவில்லை. நேராகப் போனேன். மூன்று கிலோமீட்டர், சம்பந்தி! நீங்கள் திரும்பியிருக்கலாம். நியாயமாகத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் ஜோடியைக் கைவிடக்கூடாது என்று, ஆபரேஷன் செய்த முழங்காலோடு என் பின்னாலேயே வந்தீர்கள். "நில்லுங்க! வழிவிடுங்க! ஐயோ, நில்லுங்க!" என்று நீங்கள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் ஒரு மணல் குவியல் என்னை நிறுத்தியது. என்னைத் தூக்கிவிடும் அவசரத்தில் பிரேக் பிடிக்கக்கூட மறந்து நீங்கள் என் மேல் வந்து விழுந்தீர்களே, அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கு இடுப்பு வலியைவிட நெஞ்சு அதிகமாக வலிக்கிறது.

இதுவரை செய்தது அசட்டுத்தனம். அடுத்துச் செய்ததுதான் தப்பு. மணலைத் தட்டிக்கொண்டே, "ஏன் சம்பந்தி திரும்பல?" என்று கேட்டீர்கள். நான், "அந்தப் பொண்ணு நேரா போகச் சொல்லி கை காட்டிச்சே" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த வாக்கியம்! நீங்களும் உடனே, "ஆமா, நானும் பாத்தேன்" என்றீர்கள். என்னை ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படாத மனசு. எட்டுக் கிலோமீட்டர் தூரமும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டே வந்தோம். வழியில் டிரம்முக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணை நிறுத்தி, தலைமை ஆசிரியராக இருந்த குரலில் கேட்டீர்கள்: "கை காட்டத் தெரியாதவங்களை எதுக்கும்மா ரோட்டுல நிறுத்துறாங்க?" அது, "நான் சரியாத்தான் சார் காட்டினேன்" என்றது. இரண்டாவது தடவை சொல்லும்போது அழுதுவிட்டது. நான் என் ஹெல்மெட் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது அந்த வார்.

நாம் போய்ச் சேர்ந்தபோது முடிவுக்கோட்டில் நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவைப் பிரித்துத் தரையில் போட்டிருந்தார்கள். அதை மிதித்துத் தாண்டினோம். பதக்கங்களை மூட்டை கட்டிவிட்டார்கள்.

அந்தப் பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, செவ்வாய்க்கிழமை போனேன். ஹெல்மெட் இல்லாததால் என்னை அடையாளம் தெரியவில்லை. "உட்காருங்க சார், என்ன பாக்கணும்?" என்றது. அந்த முகத்தில் கோபமாவது இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கயிறு ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னொரு தடவை போவேன். அதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். உங்கள் பதக்கத்தைப் போக்கியவன் நான். ஒரு நல்ல மனிதரை ஒரு நல்ல பெண்ணின் மேல் ஏவிவிட்டவனும் நான். மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள். முடியாவிட்டாலும் பிள்ளைகளிடம் அந்தக் கோபத்தைக் காட்டாமல் இருங்கள்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். தங்கள் கால் சீக்கிரம் தரையில் ஊன்ற வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்தாள். வாங்கிப் படித்துவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, மாமாவுக்கும் சைக்கிள்ல திரும்பத் தெரியாதுப்பா. உங்க மாப்பிள்ளைதான் ஒரு மாசமா பின்னாடி சந்துல பிடிச்சுக் கத்துக்குடுத்தார். சந்து முடிஞ்சா இறங்கி, வண்டியைத் தூக்கித் திருப்பி வெச்சுட்டு மறுபடி ஏறுவார். வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டார். பிரேக்கும் அவ்வளவா வராது" என்கிறாள்.

ஆகவே மேலே தங்கள் பெருந்தன்மையைப் பற்றி எழுதிய வரிகளை அடித்துவிட்டுப் படிக்கவும். கை காட்டியதை நீங்களும் பார்த்ததாகச் சொன்னதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பெண் அழுதது அழுததுதான். கடைக்கு ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலையில் இருவரும் சேர்ந்தே போய்ச் சொல்லிவிடலாம். பஸ்ஸில் போகலாம்.