தொண்ணூறு சென்டிமீட்டர் நாய்

தொண்ணூறு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு நாய் தேவைப்பட்டது. அதுவும் வியாழக்கிழமைக்குள்.

நிருபமா பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஒரு கம்பளி ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் கரூரில் அவள் பார்த்ததெல்லாம் பருத்தி: திரைச்சீலை, மேசைவிரிப்பு, சமையலறைத் துண்டு. அவற்றுக்கு அளவு பார்க்க ஒரு ஜன்னலோ மேசையோ போதும். இரண்டுமே கடிக்காது.

ஜெர்மனிக்குப் போன சாம்பிளின் பிரதி ஒன்று அவள் முன்னால் கிடந்தது. பழுப்பு நிற மெரினோ கம்பளியில் பின்னிய நீளமான உறை. நாலு குட்டைக் கால், ஒரு வால், தொங்கும் காது இரண்டு, வயிற்றில் ஜிப். ஸ்டைலின் பெயர் 'டாக்கல்'. இணையத்தில் தேடினாள். குட்டைக் காலும் நீள உடம்புமாக இருக்கும் டாஷ்ஹவுண்ட் நாயை ஜெர்மன்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். ஆக, நாய் ஸ்வெட்டர். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

கேட்டுத் தெளியவும் ஆள் இல்லை. அவளுக்கு முன் அந்த வேலையில் இருந்து இந்த ஆர்டரைப் பேசிய உமேஷ், முதல் சாம்பிளை ஜெர்மனிக்கு அனுப்பிய கையோடு வேலையை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். சரக்கு வாங்கும் ஜெர்மன் பையருக்கும் இவர்களுக்கும் நடுவே இருந்த ஏஜென்சிப் பெண் சங்கமித்ரா, தங்கை கல்யாணத்துக்காகக் கே.ஜி.எஃப். போயிருந்தாள். போனை எடுக்கவே இல்லை. மிஞ்சியது பையரின் மெயில் ஒன்றுதான்.

'கம்பளி அருமை. ஆனால் உடம்பு மெலிந்து தொங்குகிறது. நன்றாகக் கொழுகொழுவென்று இருக்க வேண்டும். பின்பக்கம் கனம் போதாது. போட்ட இடத்தில் அசையாமல் கிடக்க வேண்டும். நீளத்தில் கைவைக்காதீர்கள். வியாழக்கிழமை வீடியோவில் முழுத் தோற்றத்தில் காட்டவும்.'

நிருபமா அதை முதலாளி கோவிந்தப்பாவிடம் எடுத்துக்கொண்டு போனாள்.

"சார், எனக்கு ஒரு சின்ன டவுட்டுங்க. பையருக்கே ஒரு மெயில் போட்டுக் கேட்டுரலாங்களா?"

"பேடாம்மா, பேடா!" கோவிந்தப்பா இரண்டு கையையும் தூக்கினார். "கம்பளின்னாலே லூதியானா, பானிப்பட்டுன்னு ஓடுறவங்க இவங்க. பெங்களூர்லயும் ஒருத்தன் கம்பளி பண்றான்னு நம்ப வெக்கறதுக்கே என் பாதி ஆயுசு போயிட்டது. இப்ப போயி 'இது என்னங்க சார்'னு கேட்டா, 'இவனுக்கு ஒண்ணும் தெரியல'ன்னு அங்கயே போயிடுவான்."

அவர் சொல்வதும் நியாயம்தான். ஆஸ்திரேலியா ஆட்டின் ரோமம் லூதியானாவில் நூலாகி, ஜீவனஹள்ளிக்கு வந்து உடுப்பாகி, ஐரோப்பாவில் போய்க் குளிருக்கு உதவ வேண்டும். இத்தனை தூரத்தில் எங்கே ஒரு கண்ணி அறுந்தாலும் முதலில் நிற்பது ஜீவனஹள்ளி மிஷின்தான். அமெரிக்கா வரியை ஏற்றியதிலிருந்து சால்வை ஆர்டர்கள் நின்றுபோய், பாதி மிஷின்களுக்கு உறை போட்டு மூடியிருந்தார்கள். பின்னல் பகுதிப் பெண்கள் தினமும் காலையில் நிருபமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

"முழுத் தோற்றம்னு சொல்லிட்டான் இல்லியா?" என்றார் கோவிந்தப்பா. "சட்டையைத் தனியாக் காட்டினா முழுத் தோற்றமா? நாய்க்குப் போட்டுக் காட்டணும். நாயைத் தேடும்மா."

ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் ரிச்சர்ட்ஸ் டவுனில் டேரில் என்கிற பெரியவர் ஒரு டாஷ்ஹவுண்ட் வைத்திருப்பதாகச் சாம்பிள் டெய்லர் ஜெயராஜ் சொன்னார். இருவரும் போனார்கள். நாயின் பெயர் கர்னல். அது நிருபமாவின் செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, அதற்குமேல் அவளிடம் விசேஷம் எதுவும் இல்லை என்பதுபோல் திரும்பிப் படுத்துக்கொண்டது.

ஜெயராஜ் டேப்பை வைத்து அளந்தார். "மேடம், கழுத்துலேர்ந்து வால் வரைக்கும் இதுல பாதிதான் வருது. இன்னொரு நாய் இருந்தா முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வுட்டு ஜிப்பைப் போட்டுரலாம்."

"ஜெயராஜண்ணா, விளையாடாதீங்க."

"என் கர்னலை என்ன மேன் பண்றீங்க?" என்று டேரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நிருபமாவுக்குச் சட்டென்று ஒரு யோசனை. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளக்கச் சொன்னாள். ஏறக்குறைய தொண்ணூறு! அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாம்பிளில் மூஞ்சியும் மூடி, வாலும் மூடியிருந்ததன் ரகசியம் இதுதான். ஜெர்மனிக் குளிரில் நாயை அடியோடு போர்த்துகிறார்கள்.

"அதெல்லாம் சரி மேடம்," என்றார் ஜெயராஜ். "மூஞ்சில ஓட்டையில்ல, மூச்சு எப்டி வுடும்? பின்னாலயும் ஓட்டையில்ல. அது வெளிய போவணும்னா இன்னா பண்ணும்?"

"டிராயிங் போட்டவங்க மறந்திருப்பாங்கண்ணா. நாம திருத்திரலாம்."

இவ்வாறாகக் கண்ணுக்கு இரண்டு, மூக்குக்கு ஒன்று, பின்னால் ஒன்று என்று புதுச் சாம்பிளில் துளைகள் வந்தன. பையரின் தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்திய திருப்தியில் நிருபமா அன்று அம்மாவுக்குப் போன் செய்து, வேலை பிடித்திருக்கிறது என்றாள்.

திங்கள்கிழமை கர்னல் வேலைக்கு வந்தது, டேரிலோடு. தான் இல்லாத இடத்தில் கர்னல் இருக்காது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஸ்வெட்டரை மாட்டி ஜிப்பை இழுத்ததும் அது ஒரு நிமிடம் யோசித்தது. அப்புறம் தரையில் விழுந்து புரண்டது. மேசைக் காலில் முதுகைத் தேய்த்தது. நூல் கண்டு ஒன்றைக் கவ்விக்கொண்டு அறையைச் சுற்றி வந்தது.

"போட்ட இடத்தில் அசையாமல் கிடக்க வேண்டும்," என்று நிருபமா மெயிலை ஒருமுறை முணுமுணுத்துக்கொண்டாள்.

"அதுக்கு உஷ்ணம் மேன்," என்றார் டேரில். "ஸ்வெட்டரைப் போட்டு உன்னை வெயில்ல நிறுத்தினா நீ கிடப்பியா?"

ஏ.சி.யைப் பதினாறில் வைத்தார்கள். குளிர் ஏற ஏற கர்னலுக்கு உற்சாகமும் ஏறியது. அதுவரை புரண்டுகொண்டிருந்தது இப்போது ஓட ஆரம்பித்தது. மாறாக, அசையாமல் போனவர்கள் சாம்பிள் பகுதிப் பெண்கள்தான். கை விறைத்து ஊசி பிடிக்க முடியவில்லை. பாதிப் பேர் அமெரிக்காவுக்குப் போகாமல் நின்றுபோன சால்வைகளை எடுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கோவிந்தப்பா உள்ளே வந்தார்.

"ஏனிது? எக்ஸ்போர்ட் சரக்கைப் போத்திக்கிட்டு டீ குடிக்கறீங்க?"

"குளிருதுங்க சார்."

"பெங்களூர்ல நம்ம கம்பளியை மொத மொதல்ல உபயோகப்படுத்தினது நீங்கதாம்மா," என்று சொல்லிவிட்டு அவரே ஒரு சால்வையை எடுத்துக்கொண்டார்.

ஏ.சி. சரிப்படவில்லை. அடுத்த யோசனை ஜெயராஜுடையது. "வயிறு ரொம்பினா மனுசனே தூங்கிடுறான் மேடம். அதுக்கு நல்லா போட்டம்னா தூங்கிடும். கொழுகொழுன்னும் ஆயிடும். பையரு கேட்டது ரெண்டும் ஒரே சாப்பாட்டுல முடிஞ்சிடும்."

நிருபமாவுக்கு அது அற்புதமான திட்டமாகப் பட்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து கர்னலுக்கு வேகவைத்த கோழியும் சோறும், மேலே கொஞ்சம் நெய்யும் வந்தன. பக்கத்து ஹோட்டலிலிருந்து டேரிலுக்கு மட்டன் குருமா. இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், இருவரும் தூங்கினார்கள். புதன்கிழமை மதியம் ஸ்வெட்டரை மாட்டியபோது ஜிப் பாதியில் நின்றது. ஜெயராஜ் பலமாக இழுத்தார். பல்வரிசை பிரிந்து ஜிப் கையோடு வந்துவிட்டது.

"உடம்பு வந்திருச்சு மேடம்," என்றார் அவர், சற்றே பெருமையாக.

வயிற்றுப் பக்கம் கம்பளிப் பட்டை ஒன்றைச் சேர்த்துத் தைத்தார்கள். அகலம் கூடியது, துணி பக்கவாட்டில் இழுபட்டு நீளம் குறைந்தது. நீளத்தில் கைவைக்காதே என்பது பையரின் கட்டளை. நடுவில் வெட்டி ஒரு துண்டைச் சேர்த்தார்கள். சேர்த்த துண்டின் சாயம் ஒரு மாற்றுக் குறைவு. அதை மறைக்க டீயில் நனைத்தார்கள். நனைந்த கம்பளி அந்த இடத்தில் மட்டும் சுருங்கி, கர்னலுக்கு இடுப்பு வந்தது. வேறு வழியில்லாமல் மிஷினில் புதிதாக ஒன்று பின்னச் சொன்னாள் நிருபமா, கர்னலின் புது உடம்புக்கு அளவெடுத்து.

அது முடிகிற நேரத்தில் டேரில் எழுந்து நின்றார். "சாரி, மை டியர். காலைல இவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வெயிட்டைப் பாத்துட்டு என்னைத் திட்டுறாரு. நாளைக்கு நாங்க வரல."

வாசலில் வேலை முடிந்து போகும் பெண்கள் நிருபமாவைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். சேர்ந்த வேகத்தில் ஊருக்குத் திரும்பினால் கரூரில் என்ன பதில் சொல்வது? நாய் குண்டாகிவிட்டது என்றா?

"அங்கிள், நாளைக்கு ஒரே ஒரு மணி நேரங்க. அசல் மெரினோவில உங்களுக்கு ஒரு கார்டிகன் தெச்சுக் குடுக்கச் சொல்றேன்."

டேரில் கர்னலைப் பார்த்தார். கர்னல் காலி கிண்ணத்தைப் பார்த்தது.

"ரெண்டு பாக்கெட் வெக்கணும்," என்றார் டேரில்.

வியாழக்கிழமை எல்லாம் ஒழுங்காகக் கூடிவந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கோழி. பிறகு ஸ்வெட்டர். பிறகு தூக்கம். வெள்ளைத் துணி விரித்த மேசையில், தலையோடு வாலாகக் கம்பளி போர்த்தி, கால்களை நீட்டி, கர்னல் ஒரு பெரிய மெத்தைத் தலையணைபோல் கிடந்தது. துளைகள் வழியாக மூடிய கண்களும் கறுப்பு மூக்கும் மட்டும் தெரிந்தன. டேரில் கேமராவில் படாமல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

திரையில் ஜெர்மன்காரர் வந்தார். வணக்கத்துக்குப் பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். நிருபமா விரல்களைப் பின்னிக்கொண்டாள். அந்த நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் கல்யாண இனிப்புப் பெட்டியும் கண்ணில் தூக்கக் கலக்கமுமாகச் சங்கமித்ரா உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பேசாதே என்று கோவிந்தப்பா கையைக் காட்டினார்.

"இதைத்தான் கேட்டேன்!" என்றார் ஜெர்மன்காரர் இங்கிலீஷில். "என்ன பருமன்! என்ன கனம்! கண்ணை மூடி வைத்தது எங்களுக்கே தோன்றாத யோசனை. அந்த மூக்கு... அசலாகவே ஈரமாக இருப்பது போல் பளபளக்கிறதே!"

"தேங்க் யூ சார்," என்றார் கோவிந்தப்பா.

"ஆனால் லேசாக மேலும் கீழும் அசைவது போல் தெரிகிறதே?"

கோவிந்தப்பா சட்டென்று கேமரா பக்கம் குனிந்தார். மூச்சு விடுவதைக்கூடவா எண்ணுவான் இந்த மனுஷன்? "நெட்வொர்க் சார். பெங்களூர் நெட்வொர்க்."

"ஓ. சரி, உள்ளே என்ன வைத்து நிரப்பினீர்கள்? இவ்வளவு நன்றாகப் படிந்திருக்கிறதே!"

இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்று கோவிந்தப்பா நெகிழ்ந்துபோனார். மறைக்க என்ன இருக்கிறது? "சிக்கன் சார். அண்ட் ரைஸ். லிட்டில் நெய்."

திரையில் ஜெர்மன்காரர் திகைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தொழில் ரகசியத்தைச் சொல்ல மாட்டீர்கள், புரிகிறது! நல்ல நகைச்சுவை. நான் உறுதி செய்கிறேன். நாலாயிரம் பீஸ். அத்தனையும் இதே போல், உள்ளே இதையே வைத்து அனுப்புங்கள்."

திரை அணைந்தது.

"நாலாயிரம்!" கோவிந்தப்பா மேசையை ஓங்கித் தட்டினார். ஜெயராஜ் விசில் அடித்தார். கதவுக்கு வெளியே காத்திருந்த பின்னல் பகுதிப் பெண்கள் கைதட்டினார்கள். அன்றைக்கு முதல் முறையாக நிருபமா சிரித்தாள். உள்ளே இதையே வைத்து என்று அவர் சொன்னது மட்டும் எங்கோ இடறியது; ஜெர்மன்காரர் இங்கிலீஷ் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அத்தனை சத்தத்தில் கர்னல் கண் விழித்தது. எழுந்து, ஒரு முறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, டேரிலின் மடி வழியாகத் தரைக்கு இறங்கி, கம்பளியோடு வாலை ஆட்டிக்கொண்டு நேரே இனிப்புப் பெட்டியை நோக்கி நடந்தது. சங்கமித்ரா பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"சார்," என்றாள் அவள், மூச்சு வாங்க, "குளிர்காத்து உள்ள வராம கதவுக்கு அடியில அடைச்சு வெக்கிற பொம்மை சார் இது... இதுக்குள்ள எதுக்கு சார் உயிரோட நாயை விட்டு ஜிப்பு போட்டிருக்கீங்க?"