காளான் அறையும் வேப்பங்கொத்தும்

வீட்டில் ஓர் அறையைச் சாத்தி வைத்துவிட்டுக் காரணம் சொல்லாமல் இருந்தால், காரணத்தைத் தெருவே கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். எழுபதுகளின் தொடக்கத்தில், காரைக்குடியில் கல்யாணத்துக்குக் காத்திருந்தபோது இது எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் தாவரவியலில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். (மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள்.) ஒரு விவசாயக் கண்காட்சியில் வைக்கோலில் காளான் வளர்த்துக் காட்டினார்கள். உடம்புக்கு மருந்து மாதிரி என்று அங்கிருந்தவர் சொன்னதுதான் தாமதம், அப்பாவின் ரத்தக் கொதிப்பை நானே குணப்படுத்திவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். வயல் எங்களுடையது, படப்பு நிறைய வைக்கோல். காளான் விதையை ஒரு புட்டியில் வரவழைத்தேன்.

வீட்டின் பின்பக்கம் பழைய சாமான் அறை ஒன்று. அதன் கதவு பின்தெருவைப் பார்த்திருக்கும். அங்கே வைக்கோலை நனைத்து அடுக்கி, நடுநடுவே விதையும் கொள்ளு மாவும் தூவி, பிளாஸ்டிக் தாளால் மூடினேன். அதோடு என் ராஜ்ஜியம் ஆரம்பமானது. குளிக்காமல் யாரும் உள்ளே வரக் கூடாது. அம்மா அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. ஈ மொய்க்காமல் இருக்க நிலையில் இரண்டு வேப்பங்கொத்துகளைச் செருகினேன். நான் படித்த தாவரவியலில் வேப்பிலை ஒரு பூச்சிவிரட்டி. ஊருக்கு அது என்ன என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தேவகோட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர். போட்டோவைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அந்த வாரம் காளானைவிட அதிகமாகப் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பையில் முளைப்பதை வீட்டுக்குள் வளர்ப்பது பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும், காளான் என்று வெளியே மூச்சுவிடாதே என்று அம்மா என் வாயைக் கட்டிவிட்டார். அதனால், உள்ளே என்ன என்று பின்தெரு வள்ளியத்தை கேட்டபோது, அதைப் பற்றிப் பேசக் கூடாது என்றேன். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என்ன பண்பான மனுஷி என்று நினைத்தேன்.

பெண் பார்க்கும் நாளில் கேசரி ஆறிப்போனது, பஜ்ஜி நமுத்துப்போனது, யாரும் வரவில்லை. கடைசியில் இளநீரோடு வள்ளியத்தை வந்தார். பட்டுச்சேலையில் நின்ற என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“ஏத்தா, தலைக்குத் தண்ணி ஊத்தாம எந்திரிச்சிட்டியே” என்றவர், அம்மாவிடம் திரும்பினார். “தேவகோட்டைக்காரவுகள பஸ்ஸ விட்டு எறங்குனதுமே பாத்துட்டேன் மதினி. அந்த வீட்ல ஆத்தா எறங்கியிருக்கா, இப்பப் போகாதீகன்னு சொன்னேன். நல்ல சனம், அப்படியே திரும்பிட்டாக.”

(நிலையில் வேப்பிலை செருகினால் உள்ளே அம்மை கண்டிருக்கிறது என்று அர்த்தம். நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் அந்த வாசல் மிதிக்க மாட்டார்கள்.)

அம்மையே இல்லை என்று சொல்லிவிடலாம் என்றார் அப்பா. “ஆத்தா இல்லைன்னு எந்த வாயால சொல்லுவீக?” என்று அம்மா அதட்டினார். அதையும் மீறி அப்பா மறுநாள் தேவகோட்டைக்குப் போனார். அம்மை வீட்டிலிருந்து நேராக வந்து நிற்கும் மனிதரைக் கண்டு அவர்கள் அரண்டுபோய், வாசலிலேயே நிறுத்தி ஒரு செம்பு மோரை எட்ட நின்று நகர்த்தினார்களாம். அவர் காளான் காளான் என்று சொல்லச் சொல்ல, பாவம், மகள் கவலையில் மனுஷர் ஏதோ உளறுகிறார் என்று பரிதாபப்பட்டார்களாம். திரும்பி வந்து அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ரத்தம் நன்றாகவே கொதித்தது. போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். நான் காளான் அறைக்குள் போய் அழுதேன். வைக்கோலில் மொட்டு மொட்டாகக் காளான் முளைத்திருந்தது. அதைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

இரண்டொரு நாளில் பின்கதவு தட்டப்பட்டது. திறந்தால் போட்டோவில் இருந்தவர். நான் கிழிந்த தாவணியில், தலையெல்லாம் வைக்கோலோடு நின்றேன். தனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டதால் பயமில்லை என்றார். உள்ளே வந்து, குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“இதத் திங்கலாமா?”

“திங்கலாம். நா இன்னும் தின்னு பாக்கல.”

அவர் சிரித்துவிட்டார். சாட்சிக்கென்று ஒரு கை காளானைத் துண்டில் முடிந்துகொண்டு போனார்.

அடுத்த வாரம் அவருடைய அம்மா வந்தார். காளானைக் கண்டு கோபமில்லை, சிக்கல் வேறு என்றார். அன்றைக்குத் திரும்பிப் போகும்போது மாரியம்மன் கோயிலில் மஞ்சள் துணி முடிந்து, அந்தப் பிள்ளை முகத்தில் தழும்பு விழாமல் அம்மை இறங்கிப் போனால் அவளையே பால்குடம் எடுக்க வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். அம்மையே வரவில்லையே என்றார் அப்பா.

“வரலைன்னா என்ன, வேண்டுனது வேண்டுனதுதான? தழும்பும் விழலையே” என்றார் என் மாமியார்.

என் முகத்தைக்கூடப் பார்க்காமல், திரும்பிப் போகிற வழியில் எனக்காக வேண்டிக்கொண்டவர் அவர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த வீட்டுக்குத்தான் போவேன் என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன்.

கல்யாணமான முதல் பங்குனியில் பால்குடம் எடுத்தேன். பிறகு விட மனசில்லாமல் ஒவ்வொரு வருஷமும் எடுக்கிறேன். வழியில் யாராவது என்ன வேண்டுதல் என்று கேட்டால், நான் வாய் திறப்பதற்குள், பக்கத்தில் குடை பிடித்து வருகிற என் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார்: “எங்க வீட்டு வைக்கோலுக்கு அம்மை போட்டிருந்துச்சு.”