மாப்பிள்ளை கேட்ட உடையாத கோடரி

அன்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் சுகம். பால்கனிக் கதவும் ஒரு ஸ்டூலும் மட்டும் அவ்வளவு சுகமில்லை, காரணம் கீழே வரும். அவ்விடம் தாங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சாப்பிட்டீங்களா மாமா" என்பீர்கள், நான் "ஆச்சு மாப்பிள்ளை" என்பேன், அதோடு பேச்சு தீர்ந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து நமக்குள் நடந்த பேச்சு வார்த்தையை எல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டு நிரம்பாது. ஆகையால் கோடரியோடு சேர்த்துப் பார்சலில் வைப்பதற்காக இதை எழுதுகிறேன்.

போன மாதம் நீங்கள் போனில், "மாமா, நாங்க ரெண்டு பேரும் காட்டுல நாலு நாள் கூடாரம் போட்டுத் தங்கப்போறோம், ஒரு டொமஹாக் வேணும், உடையாததா, உங்களைவிட இதைப் பத்தி யாருக்குத் தெரியும், நீங்களே பார்த்து வாங்குங்க" என்றீர்கள். கடைசியில், வைக்கிற நேரத்தில், "நீங்களும் வாங்களேன்" என்றும் ஒரு வார்த்தை சொன்னீர்கள். அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு வருகிறேன். முதலில் கோடரி. உங்களுக்கே தெரியும், நான் நாற்காலித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் சோதனைப் பிரிவில் இருந்தவன். நாற்காலி மேல் மணல் மூட்டையைப் போட்டு, போட்டு, அது எத்தனையாவது மூட்டையில் உடைகிறது என்று எழுதுவதுதான் என் உத்தியோகம். அங்கே எனக்குப் பேரே 'உடைச்சான்'. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு நாற்காலி வாசலைத் தாண்டாது. எங்கே உடையும் என்று தெரியாத பொருளுக்கு நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. ரிட்டயர் ஆகி இரண்டு வருஷமாக ஒருத்தரும் ஒரு பொருளை என்னிடம் கொடுத்து "நல்லதா பாருங்க" என்று கேட்டதில்லை. உங்கள் அத்தைகூடத் தக்காளியை அவளே பொறுக்கிக்கொள்கிறாள். அப்படி இருக்கிறவனிடம் போய் நீங்கள் உடையாததைக் கேட்டுவிட்டீர்கள். அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் கடை திறக்கும் முன்பே இரும்புக் கடை வாசலில் நின்றேன். டொமஹாக் இருக்கா என்றேன். கடைக்காரர், "அது நாய் வகையா சார்?" என்றார். நான் விளக்கினேன். கைக்கோடரி, எடை குறைவு, காம்பு முழங்கை நீளத்தைவிடக் கொஞ்சம் கூட, ஒரு கையால் வீசலாம், விறகு பிளக்கலாம், முளை அடிக்கலாம் என்று. அவர் உடனே கறுப்பாக, பளபளவென்று, முன்னால் வாயும் பின்னால் ஒரு கொம்புமாக ஒன்றை எடுத்து வைத்து, "சாகுற வரைக்கும் உடையாது சார்" என்றார். யார் சாகிற வரைக்கும் என்று கேட்டேன், அவர் பில் எழுத ஆரம்பித்துவிட்டார். பார்க்க மிரட்டலாக இருந்தது, வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து எங்கள் தொழிற்சாலை வழக்கப்படி தோள் உயரத்திலிருந்து தரையில் மூன்று முறை போட்டேன். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை உள்ளே ஏதோ கலகலத்தது. மூன்றாவது தடவை தலை சோபாவுக்கு அடியில் போய்விட்டது, கையில் காம்பு மட்டும் நின்றது. உள்ளே பார்த்தால் வெறும் பிளாஸ்டிக் குழாய். கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னல் வழியாக, "சார், மேல மாடு ஏதும் கட்டியிருக்கீங்களா? சட்டைக் கை வைக்க வேண்டிய இடத்துல காலரை வச்சுத் தச்சுட்டேன்!" என்று கத்தினார். மன்னிப்புக் கேட்டுவிட்டு 'மூன்றாம் வீழ்ச்சி, கழுத்து' என்று தாளில் எழுதினேன். உண்மையைச் சொன்னால், மனசுக்கு இதமாக இருந்தது.

அடுத்தது மரக்காம்பு. இதில் நான் ஏமாறவில்லை மாப்பிள்ளை. காம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்து மரத்தின் ரேகை எப்படி ஓடுகிறது என்று பார்த்தேன். ரேகை நீளவாக்கில் ஓடினால் காம்பு வளைந்து கொடுக்கும், குறுக்கே ஓடினால் ஒருநாள் பட்டென்று போகும். கடைக்காரர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "சார், கோடாலிக்குக் கைரேகை பாக்குற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். ரேகை குறுக்கே ஓடியது. இது இருநூறு அடிக்குள் கழுத்தில் உடையும் என்றேன். அவர், "அப்ப வேற எடுங்க" என்றார். நான் அதையேதான் எடுத்தேன். உடையும் என்று தெரிந்து ஏன் வாங்கினீர்கள் என்று அத்தை கேட்டாள். எத்தனையாவது அடி என்று தெரிய வேண்டாமா? வீட்டில் இருந்த பழைய ஸ்டூல் மேல் அடித்துப் பார்த்தேன். நூற்று நாற்பத்து மூன்றாவது அடியில், நான் சொன்ன அதே கழுத்தில், உடைந்தது. நான் துள்ளினேன். "உடைஞ்சதுக்குச் சந்தோஷப்படுற ஒரே மனுஷன் இந்த உலகத்துல நீங்கதான்" என்றாள் அத்தை. பிறகுதான் கவனித்தேன், ஸ்டூலும் போய்விட்டது. திருப்பிப் பார்த்தால் அடியில் எங்கள் தொழிற்சாலை முத்திரையும் என் கையெழுத்தும். "குடும்பத்தைக் கெடுக்க வந்த கோடாலிக்காம்புன்னு சொல்லக் கேள்விப்பட்டிருக்கேன், இப்பத்தான் நேர்ல பாக்குறேன்" என்று அவள் சொன்னது கோடரியையா என்னையா என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் முறை போனபோது கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பாதி ஷட்டரை இறக்கினார். கெஞ்சினேன். மனசு இளகி, உள்ளே போய்ச் சாக்கில் சுற்றிக் கிடந்த ஒன்றைத் தூசு தட்டிக் கொண்டுவந்தார். அழகு கிடையாது. ஆனால் தலை ஒரே இரும்பில் அடித்து எடுத்தது, ஒட்டுப் போட்ட தடம் எங்கும் இல்லை. பின்பக்கம் கொம்புக்குப் பதில் தட்டையாக இருக்கிறது, கூடார முளை அடிக்க அதுதான் வேண்டும். கொம்பை வைத்து நீங்கள் யாரைக் குத்தப்போகிறீர்கள்? காம்பு மேலிருந்து கீழாக நுழைகிறது, மண்வெட்டி மாதிரி, ஆப்பு கிடையாது. வீச வீசத் தலை தானாக இறுகும். நடுக்காட்டில் காம்பு உடைந்தாலும் ஒரு கிளையைச் செதுக்கி நுழைத்துக்கொள்ளலாம். எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, உங்கள் கைக்குப் பொருந்தும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், போன தடவை வந்தபோது டப்பா மூடியைத் திறக்கிறேன் என்று ஒரு ஸ்பூனை வளைத்தீர்களே, அத்தை அதை நிமிர்த்தாமல் 'மாப்பிள்ளை ஸ்பூன்' என்று தனியாக வைத்திருக்கிறாள். அதையும் மனசில் வைத்துத்தான் காம்பின் பருமனைத் தேர்ந்தெடுத்தேன்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. இது உடைய மாட்டேன் என்கிறது. இருபது தடவை கீழே போட்டேன், தையல்காரம்மா இருபது தடவை கத்தியதுதான் மிச்சம். துருப்பிடிக்கிறதா என்று பார்க்கப் பால் காய்ச்சும் பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் ஊறவைத்தேன். லேசாகத் துரு வந்தது, எண்ணெய்த் துணியால் ஒரு துடை, போய்விட்டது. பாத்திரத்துக்கு வந்தது மட்டும் போகவில்லை. காட்டில் குளிருமே என்று பனிப்பெட்டியில் வைத்தேன். அத்தை ஐஸ் எடுக்கப் போனவள் துணியைப் பிரித்துப் பார்த்து, "என்னங்க இது, மீனு வாலோட முறைக்குது!" என்று அலறினாள். அசையவில்லை, கீறவில்லை. சோதனைத் தாளில் கடைசிக் கட்டம் 'உடைந்த இடம்', அது காலியாகவே இருந்தது. காலித் தாளில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? ராத்தூக்கம் போச்சு மாப்பிள்ளை.

போன செவ்வாய்க்கிழமை அத்தை கண்ணாடி மாற்றக் கண் டாக்டரிடம் போயிருந்தாள். இதுதான் சமயம் என்று பால்கனியில் ஒரு கட்டையைப் போட்டு, சிராய் உள்ளே பறக்காமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு வெட்ட ஆரம்பித்தேன். நானூறு தாண்டியதும் கை மரத்துவிட்டது. நானூற்றுப் பதினேழாவது அடியில் கட்டை துள்ளிவிட்டது, கோடரி நேரே போய்க் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் தாழ்ப்பாள் போட்ட மாதிரி இறங்கிவிட்டது. இழுத்தேன். வரவில்லை. கதவில் காலை ஊன்றி இழுத்தேன். ம்ஹூம். கதவும் திறக்கவில்லை, கோடரியும் வரவில்லை, நான் வெளியே. ஆபத்தில் உயிர் பிழைக்க என்று வாங்கின கருவி என்னை என் வீட்டுக்கு வெளியிலேயே பூட்டிவிட்டது. கீழேயிருந்து தையல்காரம்மா, "என்ன சார், சத்தம் நின்னுபோச்சு, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார். உதவி கேட்டிருக்கலாம். கேட்டால் ஊர் சிரிக்குமே! "ஒண்ணுமில்லம்மா, காத்து வாங்குறேன்" என்றேன். உச்சி வெயில், ஒரு ஈரத்துண்டு, செடிக்கு வைத்திருந்த அரைக் குவளைத் தண்ணீர். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன், தண்ணீரை வாய் வாயாகக் குடித்தேன், செடியிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு மணி நேரம். அத்தை வந்து புதுக் கண்ணாடி வழியாக முதன்முதலில் பார்த்த காட்சி நான்தான். முதல் ஐந்து நிமிஷம் சிரித்தாள். அடுத்த ஐந்து நிமிஷம் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு வந்து இரண்டு பேருமாகச் சிரித்தார்கள். அப்புறம் தையல்காரம்மா தையல் மெஷின் எண்ணெயை இடுக்கில் நாலு சொட்டு விட்டு, சப்பாத்திக் கட்டையால் உள்ளேயிருந்து ஒரு தட்டுத் தட்டினார். வந்துவிட்டது. கதவில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிராய் போயிருந்தது. கோடரி வாயில் ஒரு பொட்டுச் சிதைவு இல்லை!

அன்று சாயங்காலம் தாளை எடுத்து வைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எழுதினேன்: 'உடையவில்லை. எங்கே உடையும் என்று தெரியாது. நம்பி எடுத்துக்கொள்ளலாம்.' கீழே கையெழுத்தும் போட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் இப்படி நான் எழுதினது இதுதான் முதல் தடவை. தாளை மடித்துக் கோடரி உறைக்குள் வைத்திருக்கிறேன்.

இனி அந்தக் கடைசி வார்த்தை. "நீங்களும் வாங்களேன்" என்றீர்கள். நீங்கள் மரியாதை தெரிந்த பிள்ளை, சொன்னீர்கள். அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு மூட்டை கட்ட நான் என்ன சின்னப் பிள்ளையா? சிறுசுகள் நடுவில் கிழவனுக்கு என்ன வேலை? தவிர, என் முழங்காலையும் முறைப்படி சோதித்துவிட்டேன். மாடிப்படியில் இருநூற்றுப் பன்னிரண்டாவது படியில் பிடித்துக்கொள்கிறது. உடையும் இடம் தெரிந்துவிட்டது, இதற்கு மேல் பேச்சில்லை. ஆகையால் நான் வரவில்லை, இது முடிவு. கேட்டீர்களே, அது போதும் எனக்கு, வயிறு நிறைந்துவிட்டது. பத்திரமாகப் போய் வாருங்கள். வெட்டும்போது காலை அகட்டி நில்லுங்கள், என் மகளைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் விரலும் நகமும் குறையாமல் நூறாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,

தங்கள் மாமனார்.

பின்குறிப்பு: வெட்டும் கருவியைப் பார்சலில் எடுக்க மாட்டார்களாம். விதி அப்படி, நாம் என்ன செய்ய முடியும்? வேறு வழியே இல்லாததால் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன். இந்தக் கடிதத்தையும் நானே கொடுப்பேன், படிக்கும்போது பக்கத்தில்தான் நிற்பேன், தயவுசெய்து பால்கனி வரும் இடத்தில் சிரிக்காதீர்கள். கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் பிடிப்பது எப்படி என்று காட்ட ஒரு நாள், வெட்டுவது எப்படி என்று ஒரு நாள், தீட்ட ஒரு நாள், எண்ணெய் பூசி உறையில் போட ஒரு நாள். நாலு நாள்தானே.

மாப்பிள்ளை, இது அத்தை எழுதுறேன். ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். உங்க மாமா பார்சல் ஆபீஸ் பக்கமே போகல. பார்சல்காரர் நம்ம தையல்காரம்மாவோட தம்பிதான், அவரே வீடு தேடி வந்து "குடுங்க சார், நாளைக்கே சேத்துடுறேன்"னு நின்னார். இவர், "வெட்டுற சாமானை நீங்க எடுக்கக் கூடாது"ன்னு அவருக்கே விதி சொல்லித் திருப்பி அனுப்பிட்டார். பை கட்டி எட்டு நாளாச்சு. இருநூத்திப் பன்னிரண்டு படிங்கிறது போன வாரக் கணக்கு, இன்னைக்குக் காலையில பையைத் தோள்ல போட்டுக்கிட்டு நானூத்திப் பத்து ஏறி இறங்கினார், அதை எழுதல பாருங்க. இவருக்கும் அந்தக் கடைசிக் கட்டம் காலியாத்தான் இருக்கு, நம்பிக் கூட்டிட்டுப் போங்க. நாலு நாள் கழிச்சு மறக்காம அனுப்பி வையுங்க, பால்கனிக் கதவு அப்படியே கிடக்கு. கோடாலியை மட்டும் நீங்களே வச்சுக்குங்க.