புளி மணக்கும் நாலு சில்லுகள்

மயிலிட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மருமகன் சுதாகரனுக்கு, மாமன் ஆழ்வாப்பிள்ளை எழுதிக்கொள்வது.

பிள்ளையார் புண்ணியத்தில் நான் சுகம். உமது கார்ச் சில்லுகளும் சுகம். எங்களைத் தவிர இந்த வீட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் கடற்காற்றில் கறள் பிடித்துவிட்டது. லண்டன் குளிரில் நீரும் குடும்பமும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இக்கடிதம் கண்டவுடன் ஆள் அனுப்பிச் சில்லுகளை எடுப்பிக்கவும்.

ஊரில் ஓடின காரை விற்ற நீர், ரயர் கழற்றி மினுக்கி வைத்த அந்த அலுமினியச் சில்லுகளை மட்டும் விற்க மனமில்லாமல் என்னிடம் விட்டுப் போனீர். நீர் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். உப்புப் போகக் கழுவினேன், துடைத்துக் காயவிட்டேன், நீர் தந்த மெழுகைப் பூசினேன். பிளாஸ்ரிக் பையில் கட்டினால் உள்ளே வேர்த்து வெள்ளை பூக்கும், மெல்லிய நூல் துணியால் சுற்றி, நிலத்தில் படாமல், ஈரமில்லாத அறையில் வையுங்கோ மாமா என்றீர். இந்த வீட்டில் ஈரமில்லாத அறை சாமியறைதான். மெல்லிய நூல் துணி என்றால் உமது மாமி குணலட்சுமியின் வொயில் சீலைகள்தான். ஆமி பிடித்து வைத்திருந்த ஊர் விடுபட முன்னமே அவ அகதி முகாமில் கண்ணை மூடிவிட்டா, நான் திரும்பி வந்து கட்டின இந்த வீட்டைக் கண்டதேயில்லை. செத்தவவின்ரை உடுப்பை வைச்சிருக்கக் கூடாது, ஆருக்கும் குடுத்துப்போடு என்று உமது அம்மா திவசத்துக்குத் திவசம் சொன்னவதான். நான் கேட்கவில்லை. அதில் நாலை எடுத்துச் சில்லுக்கு ஒன்றாகச் சுற்றிச் சாமியறையில் வைத்தேன்.

அடுத்த வெள்ளி காலை விளக்குக் கொளுத்தப் போனால், சீலைகள் நாலும் மடித்தபடி ஒரு பக்கத்தில் இருக்கின்றன. மாமி மடிக்கிற மாதிரியே, கரை வெளியில் தெரிய. சில்லுகளில் மெழுகு இல்லை, புளி மணக்கிறது. மாமி வெள்ளி தவறாமல் விளக்கையும் செம்பையும் புளி போட்டு மினுக்குகிறவ, என் சைக்கிள் மணியைக்கூட விட்டுவைக்காதவ என்பது உமக்குத் தெரியும். புளி பட்டால் அலுமினியம் கெட்டுவிடும் என்று நீர் படித்துப் படித்துச் சொன்னீர். கெடவில்லை. முகம் பார்க்கலாம். பயத்தில் நான்தான் பார்க்கவில்லை.

மறுபடி மெழுகு பூசி, சீலை சுற்றி, அறையைப் பூட்டித் திறப்பை மடியில் செருகினேன். அடுத்த வெள்ளியும் அதே கூத்து. வீட்டில் புளி இருந்தால்தானே எண்டு பானையோடை தூக்கிப் பக்கத்து வீட்டு றஜிதாவிட்டைக் குடுத்திட்டன். வெள்ளி காலமை அவ வேலிக்கு மேலாலை எட்டி, "அண்ணை, உங்கடை புளி அப்பிடியே கிடக்கு. எங்கடை புளியிலைதான் ஒரு உருண்டையைக் காணேல்லை" எண்டு சொல்லுறா. உமது மாமி குணத்துக்கு எப்பவும் அடுத்த வீட்டுப் புளிதான் நல்ல புளி. உயிரோடை இருக்கேக்கையும் அப்பிடித்தான்.

கேள்விப்பட்டு உமது அம்மா தைரியசாலியாக வந்தா. கதவைத் திறந்ததும் சீலை கட்டின நாலு பேர் குந்தியிருக்கினம் எண்டு கத்தினா. இது சில்லுதான், அக்கா எண்டு ஒண்டை அவிட்டுக் காட்டினன். குனிஞ்சு பாத்தா.

"தம்பி, நாங்கள் ரெண்டு பேர்தானே நிக்கிறம்?"

"ஓம்."

"உதுக்குள்ளை மூண்டு பேர் தெரியுது."

அப்ப போனவ, செருப்பு இன்னும் என்ரை வாசலிலை கிடக்கு.

மருமகன், நான் தனிய இருக்கிறவன். எனக்கு இது தாங்காது. வாற ஆள் சீலையோடையே எல்லாத்தையும் கொண்டுபோகட்டும். உமக்கும் மனைவி மக்களுக்கும் கறள் பிடியாத நீண்ட ஆயுளைத் தரும்படி பிள்ளையாரை வேண்டி அமைகிறேன்.

இப்படிக்கு,
உமது மாமன்,
ஆழ்வாப்பிள்ளை.

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் சாமியறைக்குள்ளே உரஞ்சுகிற சத்தம் கேட்டது. கதவடியில் நின்று, "குணம், அது அலுமினியம், புளி போடாதையும்" என்றேன். சத்தம் நின்றது. "ஓம்" என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து, "இஞ்சாருங்கோ, வீடு வடிவாத்தான் கட்டியிருக்கிறியள்" என்றும் கேட்டது. ஆகவே மேலே எழுதிய ஒன்றையும் கணக்கில் எடுக்கவேண்டாம். ஆளும் அனுப்பவேண்டாம். லண்டனில் உமது காருக்கு வேறு சில்லு வாங்கும். ஊருக்கு வருகிற ஆரிடமாவது கொஞ்சம் மெழுகு மட்டும் குடுத்துவிடும், அவ இனி அதைத்தான் பூசுவா.