மலர்ச்சாலையில் நேர்முகம்

இன்டர்நெட் வழி நேர்முகத்துக்கு நேரம் நெருங்க, மிதுனாவின் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் மின்விசிறி பெருமூச்சு விட்டு நின்றது. அட்டவணைப்படி மாலையில்தான் கரண்ட் போகவேண்டும். ஆனால் அட்டவணைக்கும் கரண்டுக்கும் பேச்சுப் பறைச்சல் இல்லாத காலம் அது.

அவள் கணக்கு எழுதிய தையல் தொழிற்சாலை, மெஷின் ஓடாமல் ஓடர்களை இழந்து, போன மாதம் பூட்டப்பட்டது. ஜோஹன்னஸ்பேர்க் கம்பனியின் இந்த வேலை கிடைத்தால் இருட்டிலிருந்து ஒரேயடியாகத் தப்பிவிடலாம்.

முன்பு எந்த ஊர் என்று விசாரித்த சனம் இப்போது, ஏரியா ஏரியாவாக நேரம் பிரித்த மின்வெட்டில் எந்தக் குறூப் என்றுதான் விசாரித்தது. கிருலப்பனை மச்சாள் நிருஷா வேறு குறூப். மிதுனா மடிக்கணினியோடு ஓட்டோவில் பறந்தாள். அங்கே பல்ப் பளிச்சென்று எரிந்தது. சிக்னல் கோபுரம்தான் பாவம், இருட்டுக் குறூப்பில் நின்றது. இன்டர்நெட் இல்லை.

“கொட்டாஞ்சேனையில என்ட சிநேகிதி ஐறீன்ட மாமாட்ட ஜெனரேட்டர் இருக்கு, ஓடு” என்றாள் நிருஷா. என்ன இடம் என்று மட்டும் சொல்லவில்லை.

வழியெல்லாம் மிதுனா வாயைப் பிளந்து பார்த்தாள். சந்திக்குச் சந்தி சிக்னல் விளக்குகள் செத்துக் கிடந்தன. அச்சகம் பூட்டு, பேக்கரி பூட்டு. மீன்கடைக்காரர் உருகிய ஐஸ் தண்ணீரைத் தெருவில் ஊற்றினார். ஒரு தொழிற்சாலையின் கணக்கை மட்டும் அறிந்தவளுக்கு அன்றுதான் நாட்டின் கணக்கே கண்ணில் பட்டது. அம்மாடி, கம்பிக்குள் ஓடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாமானா இவ்வளவு பெரிய தேசத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது? அவளுக்கு மெய் சிலிர்த்தது.

ஐறீனின் மாமா நிக்கலஸ் நடத்தியது மலர்ச்சாலை; பூ விற்கிற இடமில்லை, பிரேதம் வைக்கிற இடம். தெருவே கரண்ட் இல்லாமல் கிடக்க அங்கே மட்டும் ஜெனரேட்டர் உறுமியது. பிரேதங்களுக்குப் பொறுமை கிடையாதே. பக்கத்துச் சிக்னல் கோபுரம் வேறு குறூப், இன்டர்நெட்டும் கிடைத்தது. சவப்பெட்டிகளுக்கு நடுவில் அவர் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார்.

“பயப்படாத மகள், எல்லாம் வெறும் பெட்டி.”

திரையில் தோன்றிய அதிகாரி பெட்டிகளைப் பார்த்து வெலவெலத்துப் போனார். மிதுனா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பாதியில் டீசல் தீர்ந்து ஜெனரேட்டரும் அடங்க, ஜன்னலில்லாத அறை இருண்டது. நிக்கலஸ் பதறாமல், பிரேதத்துக்கு வைக்கும் பெரிய மெழுகுதிரிகளை அவளுக்கு இரு பக்கமும் ஏற்றி வைத்தார். நடுவில் மிதுனா அசையாமல் இருந்து, மிச்சமிருந்த பற்றரியில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தாள்.

அதிகாரி மெழுகுதிரிகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் பக்தியோடு சொன்னார்:

“வேலை உங்களுக்குத்தான், உடனே வாருங்கள். இங்கேயும் தினமும் கரண்ட் போகிறது, இருட்டில் வேலை செய்யத் தெரிந்த ஒருவரைத்தான் இவ்வளவு நாளும் தேடினோம்.”