கன்னையனுக்கு ஆட்சேபணை இல்லை

துப்பாக்கி வாங்கியே தீருவது என்று கன்னையன் முடிவு செய்தது ஒரு நாற்காலியைப் பார்த்துத்தான்.

அந்த நாற்காலி ஞானதுரைக்குப் போடப்பட்டது. பக்கத்துத் தோட்டக்காரர். இருவருக்கும் ஒரே மலை, ஒரே மழை, ஒரே காட்டுப்பன்றி. ஆனாலும் போடியில் எந்த ஏலக்காய்க் கடைக்குப் போனாலும் ஞானதுரைக்கு நாற்காலி வரும், கன்னையனுக்குக் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" வரும். காரணம், ஞானதுரையிடம் ரெட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. அவர் அதை ஊருக்குள் கொண்டுவருவதுகூட இல்லை. இருக்கிறது என்ற செய்தியே அவருக்கு முன்னால் போய் நாற்காலியைத் தூசி தட்டி வைத்துவிடும்.

வீட்டிலும் கன்னையனுக்குத் தள்ளி நிற்கும் உத்தியோகம்தான். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவனாக எடுத்த முடிவு என்று ஒன்றே ஒன்று உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஞானதுரை தன் ஜீப்பு போக கன்னையன் தோட்டத்து ஓரமாகப் பாதை கேட்டார். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் தைரியமில்லை. ராவோடு ராவாக யோசித்து, மூன்று ஏக்கரையும் மனைவி சந்திரவல்லி பெயருக்கு எழுதிவைத்தான். பிறகு, "என்கிட்ட என்ன கேக்குறீங்க அண்ணே, எல்லாம் அவ பேருலதான இருக்கு" என்று நழுவினான். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து இன்றைக்கும் தனியாகச் சிரிப்பான். தப்பித்தது நினைவிருந்தது. எழுதிக்கொடுத்தது மறந்துவிட்டது.

"ஏ சந்திரா, நான் துப்பாக்கி வாங்கப்போறேன்."

"பல்லி விழுந்தா என்னையக் கூப்பிடுற ஆளுக்குத் துப்பாக்கி எதுக்கு?"

"பன்னி ஏலச்செடியெல்லாம் தோண்டிப் போட்டுருச்சு. வேட்டை லைசென்சு எடுக்கப்போறேன்."

"யாரு வேட்டையாடுறது?"

"நாந்தான்."

சந்திரவல்லி தோசையைத் திருப்பிப் போட்டாள். "எடுங்க. நல்ல சோலிதான்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் மறுபேச்சில்லாமல் சம்மதித்தது இதுதான் முதல் தடவை. கன்னையன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டான்.

தாலுகா ஆபீசு குமாஸ்தா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேட்டைன்னு எழுதிக் குடுத்தா லைசென்சு வராது, காட்டிலாகா ஜீப்புதான் வரும். பயிர்ப் பாதுகாப்புன்னு எழுதுங்க."

"சுடலாம்ல சார்?"

"வானத்தப் பாத்துச் சுடலாம். சத்தத்துல பன்னி ஓடணும். பன்னி மேல பட்டுச்சுன்னா நீங்க ஓடணும்."

அவர் கொடுத்த பட்டியல் ரேஷன் கடை வரிசையைவிட நீளம். பட்டா நகல், அடங்கல், பன்றி தோண்டிய இடத்தின் போட்டோ, டாக்டர் சான்று, சுடும் பயிற்சிச் சான்று. கன்னையன் நாலு மாதம் அலைந்தான்; வாங்கிய தாள் எதையும் படித்துப் பார்க்கவில்லை. பயிற்சிக்கு மட்டும் போகவில்லை. குறி பார்க்கத் தனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்று இருந்துவிட்டான். அதே சமயத்தில் சந்திரவல்லி சனிக்கிழமைதோறும் தேனியிலிருக்கும் தங்கை சூர்யகலாவைப் பார்க்கப் போக ஆரம்பித்தாள். வீடு நிம்மதியாக இருந்தது. கன்னையன் குடையைத் தோளில் சாய்த்துக் கண்ணாடி முன்னால் நடந்து பார்த்தான்.

சாப்பாட்டு நேரம் முழுக்கத் துப்பாக்கிப் பேச்சு. குழம்பிலிருந்து இரண்டு முருங்கைக்காயை எடுத்து இணைத்துப் பிடித்தான்.

"ஒத்தைக்குழல்னா ஒரு வெடிதான். மறுபடி மடக்கித் தோட்டா போடுறதுக்குள்ள பன்னி குரங்கணி தாண்டிரும். ரெட்டைக்குழல்னா, முதல் வெடி தப்புனாலும் கையில இன்னொன்னு இருக்கும்."

"ரெண்டும் ஆறிப்போகுது, வெரசாத் தின்னுங்க" என்றாள் சந்திரவல்லி.

காகிதங்கள் சேர்ந்தன. "இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம். நம்ம பவதாரணி ஏத்திருவா, கொண்டாங்க" என்று சந்திரவல்லி வாங்கிக்கொண்டாள். பவதாரணி அவர்கள் மகள். கடைசியில் ஒரு தாளை நீட்டி, "இதுல ஒரு கையெழுத்து" என்றாள்.

"என்னது இது?"

"துப்பாக்கிக் கடுதாசிதான்."

வேட்டைக்காரனுக்கு மூக்குக்கண்ணாடி அழகில்லை என்று கன்னையன் அதைக் கழற்றி வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கையெழுத்துப் போடும் கோட்டைத் தடவிப் பார்த்து, சுழித்துக் கையெழுத்திட்டான்.

விசாரணைக்குத் தாலுகா ஆபீசுக்கு மீசையை முறுக்கிக்கொண்டு போனான். சந்திரவல்லி துணைக்கு வந்தாள்.

"சந்திரவல்லி யாரு?" என்றார் அதிகாரி.

"நாந்தாங்கய்யா."

கன்னையன் பாதி எழுந்தவன் அப்படியே நின்றான்.

"பட்டா உங்க பேருல இருக்கு, சரி. டாக்டர் சான்று, பயிற்சிச் சான்று ரெண்டும் தேனியில வாங்கிருக்கீங்க. பத்துக்கு ஒம்போது குறி. பரவாயில்லையே." நிமிர்ந்து கன்னையனைப் பார்த்தார். "இவரு?"

"எங்க வீட்டுக்காரருங்க. பேப்பரெல்லாம் அவருதான் அலைஞ்சு வாங்குனாரு" என்றாள் பெருமையாக.

"அப்ப இதுவும் உங்களுதுதானா பாருங்க." அதிகாரி வாசித்தார். "'என் மனைவி நிதானமானவர். கோபமே வராது. எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்வார். அவர் துப்பாக்கி வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.' உங்க கையெழுத்துதான?"

கன்னையன் தாளைப் பார்த்தான். சுழி அவனுடையதுதான். மனைவியைப் பார்த்தான். அவள் வளையலைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"ஆமாங்கய்யா."

"சுயநினைவோட போட்டதுதான?"

"அப்பிடித்தான் இருக்கணுங்கய்யா."

வெளியே வந்ததும் அவனுக்கு அழுகை முட்டியது. "பட்டா உன் பேருல இருக்குன்னு முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருந்தா நாலு மாசம் அலைஞ்சிருப்பீங்களா? போன வருசம் காய் எடுக்கையில பன்னி வந்துச்சே, மரத்துல ஏறுனது யாரு?"

"நான்."

"கீழ நின்னு தகரத்தத் தட்டுனது?"

கன்னையன் பஸ்சு வருகிறதா என்று பார்த்தான்.

லைசென்சு வந்தது. மதுரையில் துப்பாக்கிக் கடைக்காரர், "ஒத்தைக்குழலா, ரெட்டைக்குழலா?" என்று கேட்டதும் கன்னையனுக்கு உயிர் வந்தது. நாலு மாதப் படிப்பு வீண்போகாது.

"ரெட்டைதான். முதல் வெடி தப்பிருச்சுன்னா..."

"லைசென்சு அம்மா பேருல இருக்கு. அம்மா சொல்லட்டும்."

"ஒத்தையே குடுங்க" என்றாள் சந்திரவல்லி. "மலை ஏறணும், எடை குறையட்டும். சுடப்போறது வானத்த. அது எங்க தப்பி ஓடப்போகுது?"

கடைக்காரர் அவளுக்கு மோர் வரவழைத்தார்.

போடியில் வாடகை ஜீப்பு நின்றபோது செய்தி முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. வழக்கமான ஏலக்காய்க் கடையில் ஆள் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தான். கன்னையன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்காரப் போனான். "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான் அவன். சந்திரவல்லி உறையிலிட்ட துப்பாக்கியோடு உட்கார்ந்தாள். துப்பாக்கி வந்த காலி அட்டைப்பெட்டி கன்னையன் கையில் இருந்தது. லைசென்சு இல்லாதவர்கள் தொடலாம் என்று அதை மட்டும்தான் அவள் கொடுத்திருந்தாள்.

எதிர்க் கடையிலிருந்து ஞானதுரை எழுந்து வந்தார்.

"என்ன கன்னையா, துப்பாக்கி வாங்கிட்டியாமே. ஒத்தையா, ரெட்டையா? எடு, பாப்போம்."

கன்னையன் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"என்கிட்ட என்ன கேக்குறீங்க அண்ணே, எல்லாம் அவ பேருலதான இருக்கு."