அண்ணன் சட்டையில் பதினொரு பேட்ஜ்

வாயால் நான் சொன்ன பொய்கள் எல்லாம் சின்னவை. பெரிய பொய்யை நான் சட்டையால்தான் சொன்னேன், அதுவும் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. நோட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. சாரணர் அணியில் சேர்ந்து இரண்டு வருடத்தில் நான் வாங்கியிருந்த பேட்ஜ் ஒன்றே ஒன்று, சமையலுக்கு. (ரொட்டி ஒரு பக்கம் கரி, மறுபக்கம் மாவு. பரீட்சை எடுக்க வந்தவருக்கு அன்று நல்ல பசி என்று நினைக்கிறேன்.)

பெரியப்பா மகன் சிவா அண்ணன் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது தன் சாரணர் சட்டையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வலது கையில் பதினொரு பேட்ஜ். முதலுதவி, நீச்சல், சமையல், முடிச்சு, வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர்... ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன வட்டம். அந்தத் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டே நான் பல நாள் தூங்கிப்போயிருக்கிறேன். மலையேறி, கடல் தாண்டி வந்த ஒரு மனிதரின் கை போல இருந்தது அந்தக் கை.

எங்கள் சாரணர் ஆசிரியர் விதிகளில் கறார். அங்கத்துவச் சின்னம் இடது பையில், திறமைச் சின்னங்கள் வலது கையில், இரண்டிரண்டாக, நடுவே ஒரு விரல் இடைவெளி. ஸ்கேல் வைத்து அளப்பார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தார்.

"நீங்க பாஸ் பண்ணின பேட்ஜ மட்டும்தான் போடலாம். அடுத்தவன் பேட்ஜ போடுறது அடுத்தவன் பேர்ல கையெழுத்து வைக்கிற மாதிரி. வெளங்குதா? டேய், சிவாவோட பேட்ஜெல்லாம் பிரிச்சிட்டியா?"

"பிரிச்சிட்டேன் சேர்."

உண்மையில் ஒன்றைப் பிளேடால் பிரித்துப் பார்த்தேன். சட்டை முழுக்க வெளுத்திருக்க, பேட்ஜ் இருந்த இடம் மட்டும் புதுத் துணியாகக் கறுத்து நின்றது. பதினொன்றையும் பிரித்தால் சொறி பிடித்த மாதிரி இருக்கும் என்று திரும்பத் தைத்துவிட்டேன். மேலே ஜெர்சி போட்டால் யாருக்குத் தெரியும்? நம் ஊர்க் குளிருக்கு ஜெர்சியை யார் சந்தேகிப்பார்கள்?

மாவட்டப் பாசறை இறம்பொடைப் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்தது. என் தங்கச்சி யோகாவும் எங்கள் பாடசாலைப் பெண்கள் அணியில் வந்திருந்தாள். ஏழாம் வகுப்பு. அவள் சட்டைக் கை துடைத்து வைத்த தட்டு மாதிரி வெறுமையாக இருந்தது. பஸ்ஸில் அதைப் பார்த்து நான் பாவப்பட்டேன்.

மைதானத்தில் இறங்கியதும் வாய் பிளந்து நின்றேன். பனிக்குள்ளிருந்து கொடிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மேலே மலையில் அருவி ஒரு வெள்ளை நூலாகத் தொங்கியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள், சிங்களமும் தமிழும் கலந்து, ஒரே வரிசையில் ஒரே நிறத்தில். பிரதம விருந்தினர் வயதான சாரணர் தலைவர். அவர் நெஞ்சில் இருந்த சின்னங்களுக்கு முன்னால் என் பதினொன்றும் தூசி.

"ஜெர்சிய கழட்டுங்க!" என்று கட்டளை வந்தது. கழற்றினேன். வேறு வழி?

அவருடைய சிங்களப் பேச்சைத் தமிழில் மொழிபெயர்க்க வேண்டிய ஆசிரியரின் பஸ் வழியில் நின்றுவிட்டதாம். பெரியவர் வரிசை வரிசையாகச் சட்டைக் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்றார். மொழிபெயர்ப்பாளர் பேட்ஜைத் தொட்டு, தோளில் தட்டி, மேடைக்கு அழைத்துப் போனார். கீழே எங்கள் ஆசிரியர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

என் சிங்களம் பஸ் சிங்களம். கொண்டக்டர் சொல்லும் 'இஸ்ஸரஹட்ட யன்ன' தெரியும், அதாவது முன்னால் போங்க. அதற்கு மேல் கடைச் சாமான்களின் பெயர்.

பெரியவர் வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். கைதட்டல்! பிறகு அவர் மலையைக் காட்டி, பின்னால் ஓடிய ஓடையைக் காட்டி, சுத்தமான சிங்களத்தில் நீளமாகப் பேசினார். 'வத்துர' காதில் விழுந்தது, தண்ணீர். கடைசியில் 'யன்ன' விழுந்தது, போங்க.

"ஐயா சொல்றாங்க," என்றேன் கம்பீரமாக, "பின்னால ஓடையில நல்ல தண்ணி இருக்கு. எல்லாரும் போகலாம்!"

தமிழ்ப் பிள்ளைகள் பாதிப் பேர் ஆரவாரத்தோடு போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடையைப் பார்த்து ஓடினார்கள். சிங்களப் பிள்ளைகள் திகைத்து நின்றார்கள்.

"போகாதீங்க! நில்லுங்க! போக வேணாம்னு சொல்றாரு!"

யோகா. வரிசையை உடைத்துக்கொண்டு மேடைக்கு வந்து என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். "மேல மலையில பெரிய மழையாம். ஓடையில திடீர்னு தண்ணி வருமாம். கிட்டவே போகக் கூடாதாம்!" ஓடியவர்கள் பாதி வழியில் நின்று திரும்பினார்கள்.

அவர் சொன்னது 'யன்ன' இல்லை, 'நொயன்ன'. போகாதீர்கள். அந்த 'நொ'வை என் காது விழுங்கியிருந்தது.

பெரியவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. யோகாதான் சொன்னாள்: "இந்த பேட்ஜ நீ எப்படி எடுத்தேன்னு கேக்குறாரு."

ஆக, என் வாக்குமூலத்தை நான் தமிழில் சொல்ல, என் தங்கச்சி அதைச் சிங்களத்தில் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. நடுவில் "அண்ணே, நிறுத்தி நிறுத்தி சொல்லு, அவசரப்படாத" என்று ஆலோசனை வேறு.

"இதுல உன்னுது எதுன்னு கேக்குறாரு."

"சமையல்... ஆனா அந்த பேட்ஜ் இது இல்ல. என்னுது வீட்டுல இருக்கு."

அதையும் மொழிபெயர்த்தாள்.

பெரியவர் திட்டவில்லை. சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை வரவழைத்துத் தந்தார். மேடை ஓரத்தில் உட்கார்ந்து பதினொன்றையும் பிரித்தேன். அதன் பிறகு நாள் முழுக்க அந்தக் கறுத்த வட்டங்களோடுதான் அணிவகுத்தேன். பேட்ஜை விட அவை தூரத்திலிருந்தே தெரிந்தன.

ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. மைதானத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் ஓடை உறுமியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் செம்மண்ணாகி, கால் வைத்துத் தாண்டும் கற்களை விழுங்கி, ஒரு முழு மரத்தை உருட்டிக்கொண்டு போனது. பெரியவர் யோகாவிடம் நடந்து வந்து, நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்து, சாரணர் முறைப்படி இடது கையை நீட்டினார். அந்த வெறும் சட்டைக் கையை நான் அப்போதுதான் முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "உனக்கு எப்பிடி இவ்வளவு சிங்களம்?"

"அம்மாவோட ஆஸ்பத்திரிக்கு நீயா போற? நம்ம லயத்து வீடுகள்ல யாருக்கு முடியலைன்னாலும் என்னத்தான் கூட்டிட்டு போவாங்க. எங்க வலிக்குதுன்னு டொக்டர்கிட்ட சொல்லணும்ல?" பஸ் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். "அதுக்கெல்லாம் ஒரு பேட்ஜ் இருக்குன்னே எனக்குத் தெரியாதுண்ணே."

ஒரே வீட்டில், ஒரே பாயில் வளர்ந்தவள். எனக்குத் தெரியாது.

கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவிடம் யோகா எல்லாவற்றையும் சொன்னாள். (அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.) அம்மா அடிக்கவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்து, அந்த வட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "இனிமே நீ எதைக் கொண்டாந்தாலும் நான் கேப்பேன்டா. எடுத்ததா, தைச்சதா?"

கேட்டார். என் பரீட்சைப் பெறுபேறு வந்தபோது கேட்டார். வேலைக் கடிதம் வந்தபோது கேட்டார். நான் முதன்முதலாகக் கோழிக் கறி வைத்த அன்று, என் மனைவியும் அந்தக் கேள்வியைக் கற்றுக்கொண்டாள்.

போன மாதம் என் மகள் பாலர் பாடசாலையிலிருந்து கன்னத்தில் ஒரு தங்க நட்சத்திரத்தோடு வந்தாள். "அட, எடுத்ததா, தைச்சதா?" என்றேன்.

"எடுத்தது," என்றாள், தலையைத் திருப்பாமலே. "நான் யோகா அத்த மாதிரி."